ஒருதலைத் தீர்ப்பும் ஒரு முதலமைச்சரின் பெயரும்

அரசியல்வாதிகள்மீது எழும் பணமோசடிப் புகார்கள் இந்தியாவில் பெரும்பாலும் காவல்துறை, ஊழல் தடுப்புப் பிரிவு, விசாரணை ஆணையம், சிபிஐ என்ற குற்றவியல் பாதையிலேயே செல்கின்றன. பணத்தை இழந்ததாகக் கூறும் தனிமனிதர் ஒருவர், பதவியில் இருக்கும் முதலமைச்சரைப் பிரதிவாதிகளுள் ஒருவராகச் சேர்த்து, இழந்த தொகையைத் திருப்பித் தரவேண்டும் என்று உரிமையியல் நீதிமன்றத்தின் படியேறுவது அரிதினும் அரிது. கேரள முதலமைச்சராக இருந்த உம்மன் சாண்டிக்கு எதிராக 2015இல் பெங்களூரு நகர உரிமையியல் நீதிமன்றத்தில் தொடுக்கப்பட்ட வழக்கு அத்தகையது. 2016 அக்டோபரில் அவருக்கு எதிராகத் தீர்ப்பு வந்தது. ஓராண்டு கழித்து அவர் அதே வழக்கிலிருந்து விடுவிக்கப்பட்டார். இரண்டு நிகழ்வுகளையும் திருவனந்தபுரத்து அரசியல் தவறாகவே புரிந்துகொண்டது என்பதும், அந்தத் தவறுக்குச் சட்டத்தின் நுணுக்கங்களை விடக் கட்சிகளின் அவசரமே காரணம் என்பதும் இக்கட்டுரையின் துணிபு.

முதலில் வழக்கின் தன்மையைத் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. குற்றவியல் வழக்கில் அரசே குற்றம் சாட்டும் தரப்பாக நின்று, ஐயத்துக்கு இடமின்றிக் குற்றத்தை மெய்ப்பிக்க வேண்டும். மெய்ப்பித்தால் சிறைத் தண்டனை கிடைக்கும். உரிமையியல் வழக்கிலோ பாதிக்கப்பட்டதாகக் கூறுபவரே வாதி; எதிர்த்தரப்பினர் பிரதிவாதிகள்; இருதரப்புச் சான்றுகளையும் வைத்துப் பார்க்கும்போது எது நிகழ்ந்திருக்க வாய்ப்பு மிகுதி என்று நீதிபதி கண்டால் போதும்; முடிவாகக் கிடைப்பது தண்டனை அன்று, பணமோ சொத்தோ திரும்பிவரும் தீர்ப்பாணை மட்டுமே. சான்றின் அளவு குறைவு என்பதால் உரிமையியல் பாதை எளிதானது என்று தோன்றலாம். ஆயினும் மோசடி என்ற சொல்லை வழக்குரையில் எழுதிவிட்டால் அந்த எளிமை போய்விடுகிறது. 1908ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் ஆறாவது கட்டளையின் நான்காவது விதி, மோசடியைக் காரணமாகக் கூறுபவர் அதன் விவரங்களை, தேவையான இடத்தில் நாளும் இனமும் உட்பட, வழக்குரையிலேயே எழுதியாக வேண்டும் என்கிறது. யார் சொன்னார், எப்போது சொன்னார், என்ன சொன்னார், அதை நம்பி எவ்வளவு பணம் எவர் கைக்குப் போயிற்று என்பவற்றை வாதி ஒன்றன்பின் ஒன்றாக அடுக்க வேண்டும். 'எல்லோரும் சேர்ந்து ஏமாற்றிவிட்டார்கள்' என்ற பொத்தாம்பொதுவான வாசகத்துக்கு அங்கே மதிப்பில்லை.

பெங்களூருவில் தொழில் செய்துவந்த ஒருவர்தாம் இவ்வழக்கின் வாதி. சூரிய மின்னாற்றல் திட்டம் ஒன்றுக்கு அரசின் அனுமதியையும் மானியத்தையும் பெற்றுத் தருவதாகக் கூறி, கொச்சியைச் சேர்ந்த ஓர் ஆலோசனை நிறுவனமும் அதனோடு தொடர்புடையவர்களும் தம்மிடம் ஒரு கோடி ரூபாய்க்கு மேற்பட்ட தொகையைப் பெற்றுக்கொண்டு ஏமாற்றினர் என்பது அவர் முறையீடு. அவர்கள் முதலமைச்சரின் பெயரையும் செல்வாக்கையும் முன்னிறுத்தியே பணம் பெற்றனர் என்றும், முதலமைச்சருக்கும் இதில் பங்குண்டு என்றும் அவர் கூறியதால் உம்மன் சாண்டி பிரதிவாதிகள் பட்டியலில் இடம்பெற்றார். வழக்கு திருவனந்தபுரத்தில் தொடுக்கப்படாமல் பெங்களூருவுக்குப் போனதில் புதிர் ஏதும் இல்லை. பிரதிவாதி வசிக்கும் இடத்தில் மட்டுமன்றி, வழக்குக்கான காரணத்தின் ஒரு பகுதியேனும் எழுந்த இடத்திலும் வழக்குத் தொடுக்கலாம் என்று நடைமுறைச் சட்டத்தின் 20ஆம் பிரிவு இடமளிக்கிறது. முதலமைச்சர் என்பதற்காக உரிமையியல் வழக்கிலிருந்து எவருக்கும் விலக்கு இல்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம். அரசமைப்பின் 361ஆம் பிரிவு தரும் சிறப்புப் பாதுகாப்பு குடியரசுத் தலைவருக்கும் ஆளுநர்களுக்கும் மட்டுமே உரியது.

பலரும் இன்றுவரை குழப்பிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. கேரளத்தை உலுக்கிய சோலார் மோசடி என்பது 2013 ஜூனில் வெடித்த வேறொரு விவகாரம். டீம் சோலார் என்ற நிறுவனத்தின் பெயரில் பிஜு ராதாகிருஷ்ணனும் சரிதா எஸ். நாயரும் சூரிய ஒளித் தகடுகள், காற்றாலைகள் என்று ஆசை காட்டிப் பலரிடம் பணம் பெற்று ஏமாற்றியதாகக் குற்றவியல் வழக்குகள் வரிசையாகப் பதிவாயின. அவற்றுள் ஒன்றில் 2016 டிசம்பரில் பெரும்பாவூர் நீதிமன்றம் இருவருக்கும் மூன்றாண்டுச் சிறைத் தண்டனை விதித்தது. பெங்களூரு வழக்கின் பிரதிவாதிகள் வேறு, பணம் கொடுத்தவர் வேறு, பேசப்பட்ட திட்டமும் வேறு. இரண்டுக்கும் பொதுவாக இருந்தவை சூரிய மின்னாற்றல் என்ற பொருளும் உம்மன் சாண்டி என்ற பெயரும் மட்டுமே. ஆனாலும் செய்தித்தாள்கள் பெங்களூரு வழக்கையும் 'சோலார் வழக்கு' என்றே தலைப்பிட்டதால், பின்னதன் தீர்ப்பு முன்னதற்கான தீர்ப்பாக மக்கள் மனத்தில் பதிந்துவிட்டது.

அந்த முதல் விவகாரம் திருவனந்தபுரத்தில் எழுப்பிய புழுதியை அறியாமல் இரண்டாவது வழக்கின் எடையை உணர முடியாது. உம்மன் சாண்டி 2011இல் இரண்டாம் முறை முதலமைச்சரானபோது தம் அலுவலகத்தில் கேமராவைப் பொருத்தி, அங்கே நடப்பதை இருபத்துநான்கு மணிநேரமும் இணையத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று செய்தவர். மாவட்டந்தோறும் மக்கள் தொடர்பு நிகழ்ச்சிகள் நடத்தி, மணிக்கணக்கில் நின்றபடியே மனுக்களை வாங்கி அங்கேயே உத்தரவு எழுதியவர். அந்நிகழ்ச்சிக்காக ஐக்கிய நாடுகள் அவை வழங்கிய பொதுச் சேவை விருதைப் பெற 2013 ஜூன் இறுதியில் அவர் பஹ்ரைனுக்குச் சென்றிருந்த வேளையில்தான், அவருடைய தனிப்பட்ட உதவியாளர்களுள் ஒருவரான டென்னி ஜோப்பன் சோலார் வழக்கில் கைது செய்யப்பட்டார். குற்றம் சாட்டப்பட்டவர்களோடு தொலைபேசியில் பேசியதாகச் சொல்லப்பட்ட உதவியாளரும் பாதுகாவலரும் பொறுப்பிலிருந்து நீக்கப்பட்டனர். ஆகஸ்ட் 12 அன்று இடதுசாரி ஜனநாயக முன்னணியின் ஆயிரக்கணக்கான தொண்டர்கள் தலைமைச் செயலகத்தை முற்றுகையிட்டனர்; நீதி விசாரணைக்கு அரசு இணங்கியதும் மறுநாளே முற்றுகை விலக்கிக்கொள்ளப்பட்டது. அவ்வாறு அமைந்ததே ஓய்வுபெற்ற நீதிபதி ஜி. சிவராஜன் ஆணையம். 2016 ஜனவரி 25 அன்று உம்மன் சாண்டி அந்த ஆணையத்தின் முன் ஏறத்தாழ 14 மணிநேரம் சாட்சியம் அளித்தார். பதவியில் இருக்கும் முதலமைச்சர் ஒருவர் தாமே அமைத்த ஆணையத்தின் முன் இவ்வளவு நேரம் அமர்ந்து கேள்விகளுக்கு விடை சொன்ன நிகழ்வு இந்தியாவில் வேறு எங்கும் எளிதில் காணக் கிடைக்காதது.

ஒரு சிறு செய்தி இங்கே பெரிதாகிறது. உம்மன் சாண்டி சொந்தமாகக் கைப்பேசி வைத்துக்கொள்ளும் வழக்கமில்லாதவர். அவரோடு பேச விரும்பியவர்கள் அவர் அருகில் நிற்கும் உதவியாளர்களின் கைப்பேசிக்கே அழைத்தார்கள். அழைப்பு எவருக்கு வந்தது, எவர் பேசினார் என்பதை அழைப்புப் பதிவேடுகளால் மட்டும் சொல்ல முடியாமற் போயிற்று. எதிர்க்கட்சியினருக்கு அந்த அழைப்புகள் எல்லாம் முதலமைச்சருக்கு வந்தவை. ஆளுங்கட்சியினருக்கு அவை எல்லாம் உதவியாளர்களின் சொந்தப் பேச்சு. திருவனந்தபுரத்தின் ஜகதியில் அவர் குடியிருந்த 'புதுப்பள்ளி' இல்லத்துக்குள் காலை முதல் நள்ளிரவு வரை யார் வேண்டுமானாலும் நுழையலாம் என்பதும், தலைமைச் செயலக அறையிலும் கூட்டம் கலையாது என்பதும் அவருடைய பெருமையாகவே பேசப்பட்டன, பெருமைதான். ஆனால் எல்லோரும் நுழையக்கூடிய இடத்தில், தலைவரின் தோளுக்கு அருகில் நிற்பவர் எவர் என்பதே ஒரு சரக்காகிவிடுகிறது. அவரோடு நின்று எடுத்த நிழற்படம், உதவியாளரின் கைப்பேசி எண், 'சாரிடம் சொல்லியாயிற்று' என்ற ஒரு வாக்கியம் ஆகியவற்றை வைத்துக்கொண்டு கொச்சியிலோ பெங்களூருவிலோ ஒருவர் வியாபாரம் நடத்த முடியும். திறந்த கதவை நிர்வாகம் என்று கருதியதே அந்த ஆட்சியின் பெரும் பிழை. இந்தப் பிழைக்கு அரசியல் பொறுப்பு உண்டு. அது உரிமையியல் பொறுப்பாகுமா என்பதே நீதிமன்றத்தின் முன் நிற்கும் வேறு கேள்வி.

அதற்கான விடையை 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் தேட வேண்டும். அச்சட்டத்தின் 17ஆம் பிரிவு மோசடிக்கு இலக்கணம் வகுக்கிறது: உண்மையன்று என்று தெரிந்தே ஒன்றை உண்மையாகக் கூறுதல், தெரிந்த உண்மையை முனைந்து மறைத்தல், நிறைவேற்றும் எண்ணமே இல்லாமல் வாக்குக் கொடுத்தல் முதலியவற்றை, மற்றவரை ஏமாற்றி ஒப்பந்தத்துக்குள் இழுக்கும் நோக்கத்தோடு செய்வது மோசடி. அவற்றை ஒப்பந்தத் தரப்பினர் தாமே செய்யலாம். அவர் கண்டும் காணாததுபோல் இருந்து உடன்பட, வேறொருவர் செய்யலாம். அல்லது அவருடைய முகவர் செய்யலாம். முகவர் என்பவர் இன்னொருவருக்காகச் செயல்பட அவரால் அமர்த்தப்பட்டவர். அமர்த்தியவரின் அலுவலைச் செய்யும்போது முகவர் இழைத்த மோசடி அமர்த்தியவரையும் கட்டுப்படுத்தும் என்றும், அவருடைய அதிகார எல்லைக்கு வெளியே இழைத்தது அமர்த்தியவரைக் கட்டுப்படுத்தாது என்றும் 238ஆம் பிரிவு பிரித்துக் காட்டுகிறது. ஆகவே பெங்களூரு வழக்கில் முதலமைச்சரைப் பொறுத்தவரை எஞ்சிய கேள்வி மிகச் சிறியது. பணம் வாங்கியவர்கள் அவருடைய முகவர்களா, அல்லது அவர்கள் செய்வதை அறிந்து அவர் உடன்பட்டாரா என்பதற்கு வழக்குரையில் விவரமும், விவரத்துக்குச் சான்றும் இருந்தனவா என்பதே அது. ஒருவருடைய பெயரைச் சொல்லி இன்னொருவர் பணம் பெறுவது, பெயருக்குரியவரைத் தானாகக் கடனாளி ஆக்கிவிடாது. ஆக்குமானால், நாட்டில் எந்த அமைச்சரும் தாம் கண்டிராத கடன்களுக்காக நாள்தோறும் நீதிமன்ற வாசலில் நிற்க வேண்டியிருக்கும்.

2016 அக்டோபர் தீர்ப்பு இந்தக் கேள்விக்கு விடை சொன்ன தீர்ப்பு அன்று. அது ஒருதலைத் தீர்ப்பு. நீதிமன்ற வளாகங்களில் 'எக்ஸ்பார்ட்டி ஆகிவிட்டது' என்று ஒற்றை வாக்கியத்தில் சொல்லிவிடுவார்கள். அழைப்பாணை, அதாவது சம்மன், சார்பு செய்யப்பட்ட பின் பிரதிவாதி குறித்த நாளில் முன்னிலையாகாவிட்டாலோ, தம் எதிர்வழக்குரையைத் தாக்கல் செய்யாவிட்டாலோ, வாதியின் தரப்பை மட்டும் கேட்டு நீதிமன்றம் மேலே செல்லலாம். எதிர்வழக்குரை தாக்கல் செய்ய 30 நாட்களும், தக்க காரணம் காட்டினால் 90 நாட்கள் வரையும் சட்டம் கால அளவு தருகிறது. அந்நிலையில் வாதியின் வாக்குமூலத்தை மறுக்க எவரும் இல்லை, குறுக்கு விசாரணை இல்லை, ஆவணத்தின் உண்மையை ஐயுறும் தரப்பும் இல்லை. தீர்ப்பாணை அந்த நேரத்தில் செல்லத்தக்கதே. பணத்தைக் கட்டாவிட்டால் நிறைவேற்றல் மனுப் போட்டுச் சொத்தை ஜப்தி செய்யவும் முடியும். ஆனால் அதில் மோசடி விசாரித்து மெய்ப்பிக்கப்பட்டது என்று எவரும் சொல்ல இயலாது. உம்மன் சாண்டியும் மற்றப் பிரதிவாதிகளும் சுமார் 1.61 கோடி ரூபாய் செலுத்த வேண்டும் என்று பெங்களூரு நீதிமன்றம் ஆணையிட்ட செய்தி வந்தபோது, அவர் ஆட்சியை இழந்து ஐந்து மாதங்களே ஆகியிருந்தன. தம் தரப்பைக் கூற வாய்ப்புக் கிடைக்கவில்லை என்பது அவர் கூற்று. எதிர்முகாமுக்கோ அது பல ஆண்டு முழக்கத்துக்கு நீதிமன்றமே இட்ட முத்திரை. ஒருதலைத் தீர்ப்பு என்ற சொல் செய்திகளில் இடம்பெறாமல் இல்லை. தலைப்பில் தொகையும் முன்னாள் முதலமைச்சர் என்ற அடைமொழியும், செய்தியின் அடிப்பகுதியில் அச்சொல்லும் இடம்பெற்றன.

குறை முழுவதையும் ஊடகங்கள்மேல் ஏற்றுவதும் நியாயமாகாது. சட்டம் பயின்றவரும், ஏறக்குறைய அரை நூற்றாண்டு சட்டமன்ற அனுபவம் உடையவரும், சட்ட ஆலோசகர்கள் சூழ இருந்தவருமான ஒருவர்மீதான வழக்கு எதிர்ப்பின்றித் தீர்ப்புவரை சென்றதற்குக் கவனக்குறைவு என்பதைத் தவிர வேறு பெயர் இல்லை. உரிமையியல் வழக்கைப் பொருட்படுத்தாமல் இருப்பது இந்திய அரசியல்வாதிகளிடையே பரவலாகக் காணப்படும் மனப்பான்மை. கைது இல்லை, பிணை இல்லை, வாய்தாவுக்குப் போகாவிட்டால் என்ன நேர்ந்துவிடும் என்ற எண்ணம். நேர்ந்தது என்ன என்பதை 2016 அக்டோபர் காட்டியது.

ஒருதலைத் தீர்ப்பிலிருந்து மீள்வதற்கு ஒன்பதாவது கட்டளையின் 13ஆம் விதி வழி தருகிறது. அழைப்பாணை முறையாகச் சார்பு செய்யப்படவில்லை என்றோ, முன்னிலையாக முடியாதபடி போதிய காரணம் இருந்தது என்றோ நீதிமன்றத்தை நம்பவைத்தால் தீர்ப்பு நீக்கப்பட்டு வழக்கு மீண்டும் விசாரணைக்கு வரும். மனுச் செய்வதற்குக் காலவரையறை 30 நாட்கள். அப்படியே உம்மன் சாண்டி மனுச் செய்தார்; தீர்ப்பு நீக்கப்பட்டது; அவரும் பெங்களூரு சென்று முன்னிலையானார். 2017 அக்டோபர் தொடக்கத்தில் நீதிமன்றம் அவரை வழக்கிலிருந்து விடுவித்தது. சட்டப்படி இவ்விடுவிப்புக்குரிய பொருள், அவருக்கு எதிராக விசாரிக்கத்தக்க வழக்குக் காரணம் எஞ்சவில்லை என்பதே. அதற்குக் குறைவாகச் சொல்வது அவருக்கு இழைக்கும் அநீதி. அவருடைய அலுவலகத்தின் நடைமுறைகளுக்கு நீதிமன்றம் நற்சான்று வழங்கிவிட்டதாகக் கட்சிக்காரர்கள் கொண்டாடியது அதைவிடக் கூடுதலாகச் சொன்னது. அடுத்த சில நாட்களில், அக்டோபர் 11 அன்று, சிவராஜன் ஆணைய அறிக்கையின் அடிப்படையில் உம்மன் சாண்டி உள்ளிட்டோர்மீது விசாரணை நடத்தப்படும் என்று முதலமைச்சர் பினராயி விஜயன் அறிவிக்க, பெங்களூரு விடுவிப்புச் செய்தி அந்த இரைச்சலில் காணாமற்போனது. தீர்ப்பு வந்தபோது கிடைத்த இடத்தில் பத்தில் ஒரு பங்குகூட விடுவிப்புக்குக் கிடைக்கவில்லை என்பதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

இத்தகைய வழக்குகளில் வாதிக்குக் காத்திருக்கும் பொறி ஒன்று உண்டு. பெங்களூரு வழக்கோடு நிறுத்தாமல் பொதுவாகவே அதைக் கருத வேண்டும். ஒப்பந்தச் சட்டத்தின் 23ஆம் பிரிவு, சட்டத்துக்கோ பொதுக் கொள்கைக்கோ மாறான நோக்கம் கொண்ட உடன்பாடு செல்லாது என்கிறது. அப்பிரிவின் கீழ் சட்டமே தரும் எடுத்துக்காட்டுகளுள் ஒன்று, ஒருவர் இன்னொருவருக்கு அரசுப் பணி வாங்கித் தருவதாகவும், அதற்காக மற்றவர் ஆயிரம் ரூபாய் தருவதாகவும் செய்துகொள்ளும் உடன்பாடு செல்லாது என்பது. விக்டோரியா காலத்துச் சட்டம் வகுத்தவர்கள் இன்றைய இந்தியாவை நேரில் கண்டு எழுதியதுபோல அந்த எடுத்துக்காட்டு இருக்கிறது. அமைச்சரின் செல்வாக்கால் அனுமதி பெற்றுத் தருவதாகச் சொன்னதை நம்பிப் பணம் கொடுத்தேன் என்று வாதி எழுதினால், அந்த உடன்பாடே சட்டத்துக்குப் புறம்பானது, கை கறைபட்டவருக்கு நீதிமன்றம் உதவாது என்ற எதிர்வாதம் உடனே எழும். ஆலோசனைக் கட்டணமாகத்தான் கொடுத்தேன் என்று எழுதினால், ஆலோசனை நிறுவனத்தோடு செய்த அந்தச் சாதாரண வணிக உடன்பாட்டில் அமைச்சருக்கு என்ன இடம் என்ற கேள்வி எழுந்து, அமைச்சர் வழக்கைவிட்டு வெளியேறிவிடுவார். ஏமாற்றப்பட்டவரும் ஏமாற்றியவரும் சமமான குற்றமுடையவர் அல்லர் என்று காட்டிப் பணத்தை மீட்க வழிகள் உண்டு. ஆனால் அவை பணம் வாங்கிய கைவரைதான் செல்லும், பெயர் சொல்லப்பட்டவரை எட்டுவது கடினம். செல்வாக்கு விற்கப்படும்போது ரசீது தரப்படுவதில்லை. உரிமையியல் நீதிமன்றமோ ரசீதைக் கேட்கும் இடம்.

உலகில் வேறிடங்களில் இதே பொருள் எவ்வாறு கையாளப்படுகிறது என்பதற்கு நியூயார்க் வழக்கு ஒன்றே போதும். அம்மாநில நிர்வாகச் சட்டத்தின் 63(12) பிரிவு, வணிகத்தில் தொடர்ந்து மோசடி செய்பவர்மீது மாநில அரசுத் தலைமை வழக்குரைஞரே உரிமையியல் வழக்குத் தொடுக்க அதிகாரம் தருகிறது. அப்பிரிவின் கீழ் தலைமை வழக்குரைஞர் லெட்டிஷியா ஜேம்ஸ் 2022 செப்டம்பரில் டொனால்ட் டிரம்ப்மீதும் அவருடைய நிறுவனங்கள்மீதும் வழக்குத் தொடுத்தார். கடன் பெறுவதற்காகச் சொத்து மதிப்பைப் பல ஆண்டுகள் ஊதிக் காட்டினர் என்பது குற்றச்சாட்டு. 2024 பிப்ரவரி 16 அன்று நீதிபதி ஆர்தர் எங்கோரோன் சுமார் 35.5 கோடி டாலரும் வட்டியும் செலுத்துமாறு தீர்ப்பளித்தார். 2025 ஆகஸ்ட் 21 அன்று மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தொகை அளவுக்கு மீறியது என்று அதை நீக்கியது. கடன் கொடுத்த வங்கிகள் பணத்தைத் திரும்பப் பெற்றுவிட்டன, தமக்கு இழப்பு என்று அவை வழக்காடவும் இல்லை என்பதே டிரம்ப் தரப்பின் முதன்மை வாதமாக இருந்தது. நியூயார்க்கில் இழப்பைக் காட்டாமலே அரசு வழக்காட முடிந்தது. இந்தியாவில் அத்தகைய உரிமையியல் கருவி அரசின் கையில் இல்லை. நிறுவனங்கள் சட்டம், 2013இன் 447ஆம் பிரிவு வணிக மோசடியைக் குற்றமாகவே வரையறுக்கிறது. பினராயி விஜயனின் மகளுக்குச் சொந்தமான எக்ஸாலஜிக் நிறுவனம் கொச்சின் மினரல்ஸ் அண்டு ரூட்டைல் நிறுவனத்திடம் பெற்ற பணம் குறித்துத் தீவிர மோசடிப் புலனாய்வு அலுவலகம் 2025 ஏப்ரலில் அப்பிரிவின் கீழ்தான் குற்ற அறிக்கை தாக்கல் செய்தது, குற்றச்சாட்டு மறுக்கப்பட்டுள்ளது. உம்மன் சாண்டிக்குப் பொருந்திய அளவுகோல் இங்கும் பொருந்தும்: குற்ற அறிக்கை என்பது தீர்ப்பு அன்று.

தமிழ் வாசகர்களுக்கு டான்சி வழக்கு நினைவுக்கு வரலாம். முதலமைச்சராக இருந்தபோது ஜெயலலிதா பங்குதாரராக இருந்த நிறுவனம் அரசுக்குச் சொந்தமான டான்சியின் நிலத்தை வாங்கிய அவ்வழக்கில், 2003 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அவருடைய விடுதலையை உறுதிசெய்துவிட்டு, நிலத்தைத் திருப்பித் தருவது குறித்து மனச்சாட்சிக்கு விடை சொல்லட்டும் என்ற கருத்தையும் சேர்த்தது. குற்றம் இல்லை, ஆயினும் பொருள் திரும்பட்டும் என்ற அந்த விந்தையான முடிவு, குற்றவியல் நீதிமன்றத்தால் தர முடியாத ஒரு தீர்வின் தேவையை அது உணர்ந்திருந்தது என்பதையே காட்டுகிறது.

பெங்களூருவில் பிரதிவாதியாக நின்ற உம்மன் சாண்டி, திருவனந்தபுரத்தில் வாதியாகவும் நின்றார். 2013இல் தொலைக்காட்சி நேர்காணல் ஒன்றில் அன்றைய எதிர்க்கட்சித் தலைவர் வி.எஸ். அச்சுதானந்தன், முதலமைச்சரே ஒரு நிறுவனத்தை உருவாக்கிச் சோலார் மோசடியில் ஈடுபட்டதாகக் கூறினார் என்பதற்காக இழப்பீடு கேட்டுத் தொடுத்த அவதூறு வழக்கு அது. 2022 ஜனவரி 24 அன்று திருவனந்தபுரம் சார்பு நீதிமன்றம் 10,10,000 ரூபாய் இழப்பீடு வழங்கத் தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டில் மாவட்ட நீதிமன்றம் அத்தீர்ப்பை நிறுத்திவைத்தது. நேர்காணலுக்கும் முதல் தீர்ப்புக்கும் இடையே எட்டரை ஆண்டுகள். அதற்குள் வி.எஸ். தொண்ணூற்றெட்டு வயதை எட்டிப் பொது வாழ்விலிருந்து விலகியிருந்தார். தம்மைப் பற்றி அரங்குகளில் சொல்லப்பட்டதை நீதிமன்றத்தில் மெய்ப்பிக்கச் சொல்லி எதிர்த்தரப்பை அழைத்த இந்த ஒரு செயலில் உம்மன் சாண்டி உரிமையியல் நீதிமன்றத்தைச் சரியான காரணத்துக்காகப் பயன்படுத்தினார் என்றே சொல்ல வேண்டும். பெங்களூருவில் காட்டாத கவனத்தைத் திருவனந்தபுரத்தின் வஞ்சியூர் நீதிமன்ற வளாகத்தில் காட்டினார்.

எஞ்சியவை ஒன்றன்பின் ஒன்றாக நிகழ்ந்து முடிந்தன. சிவராஜன் ஆணைய அறிக்கையில், சரிதா எஸ். நாயர் எழுதிய ஒரு கடிதத்தை அடிப்படையாகக் கொண்ட பகுதிகளை 2018 மே மாதத்தில் கேரள உயர் நீதிமன்றம் நீக்கியது. அந்தக் கடிதத்தோடு தொடர்புடைய பாலியல் புகாரை 2021இல் ஏற்ற சிபிஐ, 2022 டிசம்பரில் உம்மன் சாண்டிக்கு எதிராகச் சான்று இல்லை என்று முடித்தது. 2023 ஜூலை 18 அன்று அவர் பெங்களூருவில் மறைந்தார். அவருடைய உடல் திருவனந்தபுரத்திலிருந்து கோட்டயத்துக்குச் செல்ல வழிநெடுகத் திரண்ட கூட்டத்தால் ஒரு பகலும் ஓர் இரவும் போதவில்லை.

2024 ஜூலை 1 முதல் இந்தியத் தண்டனைச் சட்டமும் குற்றவியல் நடைமுறைச் சட்டமும் சாட்சியச் சட்டமும் புதிய சட்டங்களுக்கு இடம் விட்டுவிட்டன. 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டமும் 1908ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டமும் அப்படியே நடைமுறையில் உள்ளன. அமைச்சரின் பெயரைச் சொல்லித் தம்மிடம் பணம் வாங்கினார்கள் என்று நாளை ஒருவர் வஞ்சியூருக்கு வந்தாலும், மோசடியின் விவரத்தை நாளோடும் இனத்தோடும் அதே நான்காவது விதியின்படிதான் எழுத வேண்டும். பிரதிவாதி வராமற்போனால் வாதிக்குக் கிடைப்பதும் அதே ஒருதலைத் தீர்ப்புதான்.